தாழ்நில ஜெர்மன்: வட்டார வழக்கா, தனிமொழியா? – மொழித்தகுதி அளவுகோல்கள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

வட ஜெர்மனியில் பேசப்படும் தாழ்நில ஜெர்மன், ஜெர்மன் மொழியின் வட்டார வழக்கா அல்லது தனிமொழியா என்னும் வினா இரு நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. ஒலியமைப்பு, எழுத்து வரலாறு, பயன்பாட்டுப் பரப்பு, சட்டத் தகுதி, பேசுவோர் தன்னுணர்வு ஆகிய அளவுகோல்கள் இவ்வினாவுக்கு ஒரே விடையைத் தருவதில்லை. ஹைன்ஸ் குளோஸ் முன்வைத்த விலகல்மொழி, ஆக்கமொழி என்னும் பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வளவுகோல்களைத் தனித்தனியே சோதிக்கிறது. லக்சம்பர்க் மொழியின் நிலை எதிர்ச்சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அமைப்பு நிலையிலும் வரலாற்று நிலையிலும் தாழ்நில ஜெர்மன் தனிமொழியே என்பதும், அது இழந்தது மொழித்தன்மையை அன்று, மொழிக்குரிய பணிகளையே என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தாழ்நில ஜெர்மன், கிளைமொழி, விலகல்மொழி, ஆக்கமொழி, கூரைமொழி, லக்சம்பர்க் மொழி, ஐரோப்பிய மொழிச் சாசனம்.

முன்னுரை

2002ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு விண்ணப்பம் குறித்துத் தீர்ப்பளித்தது. பயன்பாட்டு மாதிரிப் பதிவுக்கான அவ்விண்ணப்பம் தாழ்நில ஜெர்மனில் எழுதப்பட்டிருந்தது. அது ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டதாகக் கொள்ளத்தக்கதா என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற வினா. அப்பதிவுச் சட்டத்தைப் பொறுத்தவரை அது ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டதாகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பிறமொழி விண்ணப்பத்துக்குப் போலவே அதற்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்புத் தேவை என்பது இதன் விளைவு. தாய்நாட்டுக்குள்ளேயே ஒரு பேச்சு வடிவம் 'ஜெர்மன் அன்று' என நீதிமன்றத்தால் வரையறுக்கப்பட்டமை மொழியியலார் கவனத்துக்கு உரியது.

அதே பேச்சு வடிவத்தை ஜெர்மானியர் பலர் இன்றும் 'வட்டார வழக்கு' என்றே குறிப்பிடுகின்றனர். பேசுவோருள்ளும் ஒரு பகுதியினர் அவ்வாறே கருதுகின்றனர். சட்டம் ஒன்று சொல்ல, வழக்கு வேறொன்று சொல்கிறது. இம்முரண் எங்கிருந்து தோன்றுகிறது என்பதையும், எந்த அளவுகோல் எவ்விடையைத் தருகிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயர் குறித்த தெளிவு

இப்பேச்சு வடிவத்தை மொழியியலார் 'நீடர்டாய்ச்' என்றும், பேசுவோர் பெரும்பாலும் 'பிளாட்' அல்லது 'பிளாட்டுடூட்ஷ்' என்றும் அழைக்கின்றனர். 'நீடர்' என்பது தாழ்வைக் குறிக்கும் சொல். ஆயின் இங்குச் சுட்டப்படுவது மதிப்பின் தாழ்வன்று, நிலத்தின் தாழ்வே ஆகும். வடகடலையும் பால்டிக் கடலையும் ஒட்டிய சமவெளி தாழ்நிலம். ஆல்ப்ஸ் மலையை நோக்கி உயரும் நடுப்பகுதியும் தென்பகுதியும் மேட்டுநிலம். எனவே 'தாழ்நில ஜெர்மன்' என்னும் பெயரே பொருத்தமானது.

மேட்டுநிலத்தைக் குறித்த 'ஹோஹ்டாய்ச்' என்னும் பெயர் காலப்போக்கில் நாடு முழுமைக்குமான எழுத்துமொழியின் பெயராயிற்று. நிலவியல் பொருளில் வழங்கிய 'மேல்' என்னும் அடை, தகுதிப் பொருளைத் தாங்கத் தொடங்கியது. அதனோடு இணைந்து 'தாழ்' என்னும் அடையும் இழிபொருள் பெற்றது. மொழித்தகுதி பற்றிய விவாதத்தில் இப்பெயர்க் குழப்பம் ஆற்றிய பங்கு சிறிதன்று.

2. அமைப்பு நிலை அளவுகோல்

தாழ்நில ஜெர்மனையும் மேட்டுநில ஜெர்மனையும் பிரிக்கும் முதன்மைக் கூறு, வரலாற்று மொழியியலார் 'இரண்டாம் மெய்ம்மாற்றம்' என அழைக்கும் ஒலிமாற்றமாகும். ஏறத்தாழக் கி.பி. 6ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் தெற்கில் தோன்றி வடக்கு நோக்கிப் பரவிய இம்மாற்றம், ப், ட், க் ஆகிய வெடிப்பொலிகளை உரசொலிகளாகவோ வெடிப்புரசொலிகளாகவோ மாற்றியது. தாழ்நிலப் பகுதியை இம்மாற்றம் எட்டவில்லை.

நீரைக் குறிக்கும் சொல் மேட்டுநில ஜெர்மனில் 'வாஸர்'. தாழ்நில ஜெர்மனில் 'வாட்டர்'. 'செய்தல்' அங்கு 'மாஹென்', இங்கு 'மாக்கன்'. 'ஊர்' அங்கு 'டோர்ஃப்', இங்கு 'டோர்ப்'. 'காலம்' அங்கு 'ட்சைட்', இங்கு 'டீட்'. ஆங்கிலம் அறிந்த வாசகருக்குத் தாழ்நில வடிவங்கள் பழக்கமானவையாகத் தோன்றுதல் இயல்பு. ஆங்கிலமும் டச்சும் இம்மெய்ம்மாற்றத்துக்கு உட்படாதவை. ஐந்தைக் குறிக்கும் 'ஃபீஃப்', வாத்து இனத்துப் பறவையைக் குறிக்கும் 'கோஸ்' ஆகிய தாழ்நிலச் சொற்கள் ஆங்கிலத்தின் 'ஃபைவ்', 'கூஸ்' ஆகியவற்றைப் போலவே மூக்கொலியை இழந்துள்ளன. மேட்டுநில ஜெர்மனில் 'ஃப்யூன்ஃப்', 'கான்ஸ்' என மூக்கொலி நிலைபெற்றிருக்கிறது.

வேறுபாடு ஒலியளவில் நின்றுவிடுவதன்று. 'நாங்கள், நீங்கள், அவர்கள்' என்னும் மூவிடப் பன்மைக்கும் தாழ்நில ஜெர்மனில் வினைமுற்று ஒன்றே. வடமேற்குப் பகுதியில் 'வி மாக்ட், யி மாக்ட், ஸே மாக்ட்' என்பர். மேட்டுநில எழுத்துமொழியிலோ 'விர் மாஹென், ஈர் மாஹ்ட், ஸீ மாஹென்' என முன்னிலை வேறுபடும். 'என்னை', 'எனக்கு' என்னும் இரு வேற்றுமைகளுக்கும் தாழ்நில ஜெர்மனில் 'மி' என்னும் ஒரே வடிவம் போதும். எழுத்துமொழியில் 'மிஹ்', 'மீர்' என இரண்டு வடிவங்கள் உள்ளன. இறந்தகால எச்ச வடிவத்தில் எழுத்துமொழி கட்டாயமாக ஏற்கும் 'கெ' என்னும் முன்னொட்டு வடபகுதித் தாழ்நில ஜெர்மனில் இல்லை.

இவ்வாறு ஒலி, சொல்வடிவம், வேற்றுமை அமைப்பு ஆகிய மூன்றிலும் வேறுபாடு ஒழுங்குபட அமைந்துள்ளது. மெய்ம்மாற்றம் நிகழாமையை மட்டும் நோக்கின், தாழ்நில ஜெர்மன் மேட்டுநில ஜெர்மனைவிட டச்சு மொழிக்கே நெருங்கியது. டச்சு மொழியை இன்று எவரும் ஜெர்மனின் கிளைமொழி என்பதில்லை. ஆகவே அமைப்பு நிலை அளவுகோலை ஒரே சீராகப் பின்பற்றுவோர், டச்சுக்குத் தரும் தகுதியைத் தாழ்நில ஜெர்மனுக்கு மறுக்க இயலாது.

3. எல்லைக்கோடுகளும் கிளைமொழித் தொடர்ச்சியும்

எனினும் அமைப்பு நிலை அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. 1876ஆம் ஆண்டு கேயோர்க் வெங்கர் ரைன் ஆற்றுப் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்களை அனுப்பி, அவற்றை அவ்வூர்ப் பேச்சில் எழுதித் தருமாறு வேண்டினார். பின்னர் இக்கணிப்பு ஜெர்மன் பேரரசு முழுமைக்கும் விரிந்து, 40,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊர்களை உள்ளடக்கியது. கிளைமொழிகளைக் கூர்மையான கோடுகளால் பிரித்துக் காட்டலாம் என்னும் எதிர்பார்ப்பை இக்கணிப்பு நிறைவேற்றவில்லை.

'மாக்கன்' – 'மாஹென்' வேறுபாட்டைக் காட்டும் கோடு டியூசல்டோர்ஃப் நகரையொட்டிய பென்ராத்தில் ரைன் ஆற்றைக் கடக்கிறது. 'நான்' என்னும் பொருளுடைய 'இக்' – 'இஹ்' வேறுபாட்டின் கோடு அதற்கு வடக்கே ஊர்டிங்கனில் கடக்கிறது. 'டோர்ப்' – 'டோர்ஃப்' கோடும், 'அது' எனப் பொருள்படும் 'டாட்' – 'டாஸ்' கோடும் தெற்கே விலகிச் செல்கின்றன. கிழக்கே ஏறத்தாழ ஒன்றுபட்டு ஓடும் இக்கோடுகள் ரைன் பகுதியில் விசிறிபோல் விரிகின்றன. ஒரே ஒலிமாற்றம் ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வோர் இடத்தில் நின்றுவிட்டது.

மேற்கிலும் இந்நிலையே. ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் இடையிலுள்ள அரசெல்லையின் இருபுறமும் பேசப்பட்டு வந்தது தாழ்நில சாக்சன் என்னும் ஒரே தொகுதி. எல்லைக்கு இப்பால் அது 'ஜெர்மன் வழக்கு' எனவும், அப்பால் 'டச்சு வழக்கு' எனவும் பெயர் பெற்றது. பேச்சு மாறவில்லை, பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்கிய எழுத்துமொழியே மாறியது. ஆகவே மொழியெல்லையை ஒலிகளின் எல்லையாக மட்டும் காண்பது போதாது.

4. எழுத்து வரலாறு

தாழ்நில ஜெர்மன் எழுத்தறியாப் பேச்சாக இருந்ததில்லை. 9ஆம் நூற்றாண்டில் இயேசுவின் வாழ்வைப் பாடிய 'ஹேலியாண்ட்' என்னும் நெடும்பாடல் பழஞ்சாக்சன் மொழியில் இயற்றப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கே ஃபான் ரெப்கோவ் தொகுத்த 'சாக்சன்ஷ்பீகல்' என்னும் சட்டநூல் இம்மொழியின் உரைநடைக்குச் சான்று. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் லூபெக் நகரைத் தலைமையாகக் கொண்ட ஹான்சா வணிகக் கூட்டமைப்பு, இடைக்காலத் தாழ்நில ஜெர்மனை வடகடலிலும் பால்டிக் கடலிலும் பொதுமொழியாக வழங்கியது. வணிக ஒப்பந்தங்கள், நகரச் சட்டங்கள், தூது மடல்கள் ஆகியன இம்மொழியில் எழுதப்பட்டன. 1494ஆம் ஆண்டு விவிலியமும் 1498ஆம் ஆண்டு 'ரைன்கே டே ஃபோஸ்' என்னும் நரிக்கதையும் லூபெக்கில் அச்சேறின.

ஸ்காண்டிநேவிய மொழிகள் அக்காலத்தில் தாழ்நில ஜெர்மனிலிருந்து பெருமளவில் சொற்களைப் பெற்றன. ஸ்வீடிய மொழியில் 'பணம் செலுத்துதல்' எனப் பொருள்படும் 'பெட்டாலா' மட்டுமன்றி, 'மொழி' என்பதைக் குறிக்கும் 'ஸ்ப்ரோக்' என்னும் சொல்லும் இவ்வழி வந்ததே. பிற மொழிகளுக்கு 'மொழி' என்னும் சொல்லையே கொடையாக அளித்த ஒன்று, பின்னாளில் தானே மொழிதானா என்னும் வினாவுக்கு உள்ளாயிற்று.

வீழ்ச்சி 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஹான்சாவின் வணிக வலிமை குன்றியது. சட்டமும் ஆட்சியும் மேட்டுநில எழுத்துமொழியை நோக்கித் திரும்பின. சமயச் சீர்திருத்தம் மேட்டுநில எழுத்துமொழிக்குப் பெருஞ்செல்வாக்கை அளித்தது. லூத்தரின் விவிலியம் 1534ஆம் ஆண்டிலேயே லூபெக்கில் தாழ்நில வடிவிலும் வெளிவந்தது என்பது உண்மையே. ஆயின் 1621ஆம் ஆண்டுப் பதிப்போடு அவ்வரிசை நின்றுபோயிற்று. நகர மன்றங்கள், நீதிமன்றங்கள், பள்ளிகள், திருச்சபை என ஒவ்வொரு களமாக எழுத்துமொழி கைமாறியது. தாழ்நில ஜெர்மன் வீட்டிலும் வயலிலும் துறைமுகத்திலும் தொடர்ந்து பேசப்பட்டது. எழுதப்படுவது மட்டும் அருகியது.

1834ஆம் ஆண்டு லூடோல்ஃப் வீன்பார்க், தாழ்நில ஜெர்மனைப் பேணுவதா அழிப்பதா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு ஒரு சிறுநூல் எழுதினார். அவர் வடபகுதியிலேயே பிறந்தவர். அவரது விடை, அழிப்பதே நன்று என்பது. கல்விக்கும் அரசியல் விழிப்புக்கும் இப்பேச்சு தடையாகும் என்பது அவர் கருத்து. இதற்கு எதிர்த்திசையில், 1852ஆம் ஆண்டு கிளாவுஸ் குரோட் வெளியிட்ட 'குவிக்போர்ன்' என்னும் கவிதைத் தொகுப்பும், அதனையடுத்து ஃபிரிட்ஸ் ராய்ட்டரின் உரைநடையும் தாழ்நில ஜெர்மனில் புதிய இலக்கியம் இயலும் என்பதைக் காட்டின. எனினும் அறிவியல், சட்டம், நாளிதழ் ஆகிய களங்கள் மீளவில்லை.

5. குளோஸின் பாகுபாடு

மேற்கண்ட இரு சான்றுத் தொகுதிகளும் இரு வேறு திசைகளைக் காட்டுகின்றன. அமைப்பு வேறுபாடு பெரிது. இன்றைய பயன்பாட்டுப் பரப்போ சிறிது. இம்முரணை விளக்கும் கருவியை 1952ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஹைன்ஸ் குளோஸ் அளித்தார்.

குளோஸின் கருத்துப்படி ஒரு பேச்சு வடிவம் மொழி எனப்படுவதற்கு இரு தனித்தனி வழிகள் உண்டு. முதலாவது, அண்டை மொழிகளிலிருந்து அமைப்பில் வெகுவாக விலகியிருத்தல். இத்தகையதை 'விலகல்மொழி' எனலாம். எழுதப்படாவிடினும் அது மொழியே. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையில் வழங்கும் பாஸ்க் மொழி இதற்குச் சான்று. இரண்டாவது, இலக்கியம், கல்வி, அறிவியல், ஆட்சி ஆகிய பணிகளுக்கெனத் திட்டமிட்டு வளர்த்தெடுக்கப்படுதல். இத்தகையதை 'ஆக்கமொழி' எனலாம். அமைப்பில் மிக நெருங்கிய செக், ஸ்லோவாக் ஆகியன இரு மொழிகளாக நிலைபெற்றமை இவ்வழியில்தான்.

இவற்றோடு 'கூரைமொழி' என்னும் கருத்தும் இணைகிறது. ஒரு பகுதியில் பேசப்படும் வடிவங்கள் அனைத்துக்கும் மேலே எழுத்துமொழியாக நின்று, பேசுவோர் தம் பேச்சை எதனோடு இணைத்து எண்ணவேண்டும் என்பதை முடிவு செய்வது கூரைமொழி. தாழ்நில ஜெர்மனின் மேல் மேட்டுநில எழுத்துமொழி கூரையாக அமைந்தபின், பேசுவோர் அதனைத் 'திருத்தமற்ற ஜெர்மன்' என எண்ணத் தலைப்பட்டனர். எனவேதான் குளோஸ் அதனைக் கிளைமொழிபோல் தோற்றமளிக்கும் விலகல்மொழி என்னும் வகையில் அடக்கினார்.

கூரை மாறினால் கணிப்பும் மாறும் என்பதற்குப் பிரேசில் சான்று தருகிறது. 19ஆம் நூற்றாண்டில் பொமரேனியாவிலிருந்து குடிபெயர்ந்தோர் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் பேசும் கிழக்குத் தாழ்நில ஜெர்மன் வடிவம், இன்று சாண்டா மரியா டி ஜெட்டிபா போன்ற நகராட்சிகளில் இணை ஆட்சிமொழியாக விளங்குகிறது. அங்குக் கூரைமொழி போர்த்துக்கீசியம். அதன் கிளைமொழி இது என எவரும் மயங்க வழியில்லை.

6. எதிர்ச்சான்று: லக்சம்பர்க் மொழி

தாழ்நில ஜெர்மனுக்கு நேர்மாறான நிலை லக்சம்பர்க் மொழியினுடையது. அது மெய்ம்மாற்றத்துக்குப் பெரிதும் உட்பட்ட வடிவம். அங்கு 'வாஸர்', 'மாஹென்' என்றே வழங்குவர். 'டாட்' போன்ற சில சொற்களே மாறாது நிற்கின்றன. எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் பேசப்படும் வழக்கோடு அது நெருங்கிய உறவுடையது. விலகல் என்னும் அளவுகோலின்படி தாழ்நில ஜெர்மனைவிட அதன் உரிமை வலுக்குறைந்தது.

எனினும் பேசுவோர் தன்னுணர்வு அங்கு வேறு முடிவைத் தந்தது. 1941ஆம் ஆண்டு அக்டோபரில் நாட்டைக் கைப்பற்றியிருந்த நாஜி ஆட்சி ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்த முற்பட்டது. குடியுரிமை, தாய்மொழி, இனம் ஆகிய மூன்று வினாக்களுக்கும் 'ஜெர்மன்' என்னும் விடையே அவ்வாட்சியால் எதிர்பார்க்கப்பட்டது. லக்சம்பர்கிஷ் என்பது வட்டார வழக்கு, ஆதலின் தாய்மொழியாக எழுதத்தக்கதன்று என்பது ஆட்சியினர் நிலைப்பாடு. எதிர்ப்பியக்கத்தினர் மூன்றுக்கும் 'லக்சம்பர்கிஷ்' என விடையெழுதுமாறு மக்களை வேண்டினர். முன்னோட்டமாகத் திரட்டப்பட்ட விடைகள் மக்கள் அவ்வாறே எழுதுவதைக் காட்டியமையால் கணக்கெடுப்புக் கைவிடப்பட்டது. 'இது வட்டார வழக்கே' என்னும் கூற்று மொழியியல் கருத்தாக அன்றி, ஒரு நாட்டை இணைத்துக்கொள்வதற்கான வாதமாக அங்குப் பயன்பட்டது.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் லக்சம்பர்க் மொழியை நாட்டின் தேசிய மொழியாக அறிவித்தது. சட்டங்களை இயற்றும் மொழியாகப் பிரெஞ்சு தொடர்ந்தபோதிலும், ஆட்சி மற்றும் நீதித்துறைப் பயன்பாட்டில் பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றோடு லக்சம்பர்க் மொழியும் இடம்பெற்றது. விலகல் குறைந்த ஒரு வடிவம், ஆக்கத்தாலும் தன்னுணர்வாலும் அரசாலும் மொழியாயிற்று. விலகல் மிகுந்த மற்றொன்று, அவை மூன்றும் இன்மையால் வழக்கு எனக் கருதப்பட்டது.

7. சட்டத் தகுதியும் அதன் விளைவும்

ஐரோப்பிய மன்றம் 1992ஆம் ஆண்டு உருவாக்கிய வட்டார அல்லது சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியச் சாசனம் இவ்விவாதத்தின் போக்கை மாற்றியது. அச்சாசனம் தன் முதல் பிரிவிலேயே, அரசின் ஆட்சிமொழியினுடைய கிளைமொழிகள் பாதுகாப்புக்கு உரியவை அல்ல என விலக்குகிறது. குடிபெயர்ந்தோர் மொழிகளும் அவ்வாறே விலக்கப்படுகின்றன. இதனால் 'மொழியா, கிளைமொழியா' என்னும் வினா வகுப்பறையிலிருந்து அமைச்சகத்துக்கு இடம்பெயர்ந்தது. மொழி எனின் அரசுக்குக் கடமை உண்டு. கிளைமொழி எனின் இச்சாசனத்தின்படி எக்கடமையும் இல்லை.

1999ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் இச்சாசனம் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. டேனிஷ், சோர்பியன், ஃபிரிசியன், ரோமானி ஆகியன சிறுபான்மை மொழிகளாகவும், தாழ்நில ஜெர்மன் வட்டார மொழியாகவும் ஏற்கப்பட்டன. பிரேமன், ஹாம்பர்க், மெக்லன்பர்க்–மேற்குப் பொமரேனியா, கீழ் சாக்சனி, ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் ஆகிய ஐந்து மாநிலங்களில், கல்வி, ஆட்சி, ஊடகம் முதலிய துறைகளில் குறைந்தது 35 கடமைகளை ஏற்கவேண்டிய மூன்றாம் பகுதி பொருந்தும். பிராண்டன்பர்க், வடரைன்–வெஸ்ட்ஃபாலியா, சாக்சனி–அன்ஹால்ட் ஆகியவற்றில் பொதுக் கொள்கைகள் அடங்கிய இரண்டாம் பகுதி மட்டும் பொருந்தும்.

இத்தகுதியின் விளைவாகச் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 2010ஆம் ஆண்டு முதல் ஹாம்பர்க்கின் சில தொடக்கப்பள்ளிகளில் தாழ்நில ஜெர்மன் தனிப்பாடமாக அமைந்தது. பிற மாநிலங்களிலும் மாதிரிப் பள்ளிகள் தோன்றின. பவேரிய வழக்கு, அலமானிய வழக்கு ஆகியன இவ்வுரிமையைப் பெறவில்லை. மெய்ம்மாற்றத்துக்கு உட்பட்ட மேட்டுநிலத் தொகுதியைச் சேர்ந்தவையாதலின் அவை ஜெர்மனின் கிளைமொழிகளாகவே கொள்ளப்பட்டன. பவேரிய வழக்கை அயல் மாநிலத்தார் எளிதில் விளங்கிக்கொள்வதில்லை என்பதும், அது இன்றும் அன்றாடப் பேச்சில் செல்வாக்கோடு விளங்குகிறது என்பதும் அம்முடிவை மாற்றவில்லை.

ஏற்பு காலந்தாழ்ந்து வந்தது என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். 1984ஆம் ஆண்டுக் கணிப்பின்படி வடபகுதி மக்களுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் தாழ்நில ஜெர்மனை நன்கு பேசினர். 2007ஆம் ஆண்டில் அது 14 விழுக்காடாகச் சுருங்கியது. 2016ஆம் ஆண்டுக் கணிப்பில் 15.7 விழுக்காடாக இருந்தது. பெற்றோர் தம் குழந்தைகளிடம் எழுத்துமொழியையே பேசத் தொடங்கியமை இச்சரிவின் முதன்மைக் காரணம். பள்ளியில் குழந்தை பின்தங்கிவிடும் என்னும் அச்சமே அதற்குப் பின்னணி. 'வழக்கு' என்னும் பெயர் ஒரு தலைமுறையின் வீட்டுப்பேச்சைத் தீர்மானித்தது எனலாம். 'மொழி' என்னும் பெயர் கிடைத்தபோது, அப்பெயரை ஏற்றுப் பேசவேண்டிய குழந்தைகள் பெரும்பாலும் அம்மொழியை அறியாதவராயினர்.

முடிவுரை

தாழ்நில ஜெர்மன் தனிமொழியா என்னும் வினா உண்மையில் மூன்று வினாக்களின் தொகுப்பு. அமைப்பில் அது வேறுபட்டதா என்பது முதல் வினா. ஆம் என்பதே விடை. மொழிக்குரிய பணிகளை அது ஆற்றியதா என்பது இரண்டாவது. 16ஆம் நூற்றாண்டு வரை முழுமையாக ஆற்றியது, இன்று பகுதியளவே ஆற்றுகிறது என்பது விடை. பேசுவோரும் அரசும் அதனை மொழியாகக் கருதுகின்றனரா என்பது மூன்றாவது. அரசு 1999 முதல் அவ்வாறு கருதுகிறது, பேசுவோர் கருத்து இருவகைப்படுகிறது.

இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து விடை தேடுவதாலேயே விவாதம் முடிவின்றித் தொடர்கிறது. பயன்பாட்டுப் பரப்புக் குறைந்தமையைக் காட்டி ஒன்றைக் கிளைமொழி என்பது, பணியிழந்த ஒருவரை அத்தொழில் அறியாதவர் என்பதற்கு ஒப்பாகும். தாழ்நில ஜெர்மன் இழந்தவை நகர மன்றம், நீதிமன்றம், பள்ளி ஆகிய களங்களே. அதன் ஒலியமைப்போ இலக்கணமோ அவ்விழப்பினால் ஜெர்மன் எழுத்துமொழியின் கிளையாக மாறிவிடவில்லை. மறுபுறம், சட்ட ஏற்பு ஒன்றே ஒரு மொழியை வாழவைக்கும் என்னும் முடிவுக்கும் இச்சான்றுகள் இடந்தரவில்லை. லக்சம்பர்க்கில் மக்களின் தன்னுணர்வு முன்சென்றது, சட்டம் பின்தொடர்ந்தது. வட ஜெர்மனியில் சட்டம் முன்வந்துள்ளது. வீட்டுப்பேச்சு அதனைப் பின்தொடருமா என்பதைத் தொடக்கப்பள்ளிகளில் இன்று அம்மொழியைக் கற்கும் குழந்தைகளே முடிவு செய்வர்.

கிளைமொழி ஆய்வில் ஈடுபடுவோர், ஒரு பேச்சு வடிவத்தை 'வழக்கு' எனக் குறிக்குமுன் எவ்வளவுகோலின்படி அவ்வாறு குறிக்கிறோம் என்பதை வெளிப்படக் கூறுதல் இன்றியமையாதது. அப்பெயர் ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. பள்ளிப் பாடத்திட்டத்திலும் அரசு விண்ணப்பத்திலும் வீட்டு முற்றத்திலும் அது செயற்படுகிறது.